பெற்றவர்களே அடித்தால் பிள்ளை எங்கே போகும்?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில், 31ஆம் பிரிவில், ஒரு பட்டியல் இருக்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் யார் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று சொல்லும் பட்டியல் அது. போலீஸ்காரர், எந்தத் துறையின் அரசு ஊழியரும், சைல்டுலைன் பணியாளர், நன்னடத்தை அலுவலர், பொதுநல அக்கறை உள்ள யாரும், மருத்துவர், செவிலியர் என்று வரிசையாகப் போகிறது. அந்த வரிசையில் இன்னொருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்: அந்தக் குழந்தைக்கே. அப்பாவின் கையெழுத்து வேண்டாம். வக்கீல் வேண்டாம். மனு எழுதித் தர ஆள் வேண்டாம். 14 வயதோ 17 வயதோ ஆன பிள்ளை தன் காலாலேயே நடந்து போய், "வீட்டுல என்னால இருக்க முடியல, அடிக்கிறாங்க" என்று சொன்னால் அந்தக் குழு உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளைகளில் இதை அறிந்தவர்கள் குறைவு. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பெரியவர்களிலும் குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எது கொடுமை என்பதை முதலில் பேசிவிடுவோம். இந்தப் பேச்சை எடுத்த உடனே வரும் பதில், "அடிக்காம பிள்ளை வளர்க்க முடியுமா?" என்பதுதான். மார்க் குறைந்ததற்குத் திட்டுவதும் செல்போனை வாங்கி வைப்பதும் கொடுமை ஆகாது. பெல்ட்டைக் கழற்றி விளாசுவது கொடுமை. கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைப்பது கொடுமை. குடித்துவிட்டு வந்து தூங்கும் பிள்ளையை எழுப்பி உதைப்பது, சோறு போடாமல் அறைக்குள் பூட்டுவது, "நீ பொறந்ததுதான் இந்த வீட்டைப் பிடிச்ச சனியன், செத்துத் தொலை" என்று தினமும் காதில் ஓதுவது, படித்துக்கொண்டிருக்கும் பெண்ணை நிறுத்தி மில் வேலைக்கு அனுப்பிச் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, 16 வயதில் மாப்பிள்ளை பேசுவது எல்லாமே கொடுமைதான். தொடக் கூடாத விதத்தில் தொடுவது இவை எல்லாவற்றிலும் கொடியது.

பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் தாக்கினாலோ, வதைத்தாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு. பெற்றவர்களும் இதில் அடக்கம். உடம்பின் வலி மட்டுமல்ல, மனத்தின் வலியும் அடக்கம். "அவன் நல்லதுக்குத்தான் அடிச்சேன்" என்று சொல்லும் அப்பாக்களுக்கு ஒரு செய்தி. பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்ததைக் குற்றமாகக் கொள்ளாத பிரிவு ஒன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் உண்டு, 27ஆவது. அது 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றியது. அவர்களுக்குக்கூடக் கொடுங்காயம் விளைவிக்க அது உரிமை தரவில்லை. மீசை அரும்பும் பையனை விளாசிவிட்டு அந்தப் பிரிவுக்குப் பின்னால் நிற்க முடியாது.

இது எங்கோ நடக்கிற சங்கதி என்று நினைப்பவர்கள், மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் நல அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பேர் அடி, உதைக்கு ஆளானவர்கள். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் 88.6 சதவீதம் பேரை அடித்தது பெற்றவர்களே. அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. நம் வீடுகள் வேறு மாதிரி என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

இவ்வளவு பிள்ளைகள் ஏன் வாயைத் திறப்பதில்லை? நடிகை குஷ்பு 2023 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னதில் இதற்கு விடை இருக்கிறது. எட்டு வயதிலிருந்து அப்பாவிடம் உடல் வதையும் பாலியல் வதையும் அனுபவித்ததாகச் சொன்ன அவர், எதிர்த்துப் பேசும் துணிச்சல் 15 வயதில்தான் வந்தது என்றார். கணவனே தெய்வம் என்று வாழ்ந்த அம்மா தன்னை நம்ப மாட்டாரோ என்ற பயம் அவரை ஏழு ஆண்டு பேசவிடவில்லை. பேசியபின் அப்பா குடும்பத்தை விட்டுப் போனார். அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தெரியாத நிலை. நம்ப மாட்டார்கள் என்ற பயமும் சோற்றுக்கு என்ன செய்வது என்ற பயமும்தான் ஒவ்வொரு பிள்ளையின் தொண்டையையும் அடைக்கின்றன. இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்காத உதவி எதுவும் உதவி ஆகாது.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் அலுவலகங்கள் அமைந்த இடம் கொஞ்சம் விசித்திரமானது. மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர்; குழந்தைகள் நலக் குழுவும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் அங்கே. மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை (போக்சோ வழக்குகளை) விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றமும், இலவசமாக வக்கீல் வைத்துத் தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் அங்கேதான். ராஜபாளையத்துப் பிள்ளைக்கு நீதிமன்றம் பக்கத்து ஊரில் இருக்கிறது; தன்னைக் காக்க வேண்டிய குழுவோ ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால். கையில் காசில்லாத, வீட்டுக்குத் தெரியாமல் ஒரு மணி நேரம்கூட விலக முடியாத பிள்ளை அங்கே எப்படிப் போகும்? போக வேண்டியதில்லை. அவர்கள் வர வேண்டும். அதற்குத்தான் குழந்தைகள் உதவி எண் 1098.

அந்த எண் பிறந்தது மும்பையில், 1996இல். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரு பில்லிமோரியா தெருவில் வாழும் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய தொலைபேசி உதவி, பிறகு நாடு முழுவதும் பரவியது. பல ஆண்டுகள் தொண்டு நிறுவனங்கள் நடத்தின. இப்போது மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் அரசே நடத்துகிறது. அவசர உதவி எண் 112உடனும் இணைத்திருக்கிறார்கள். காசு கிடையாது, இரவு பகல் எப்போதும் அழைக்கலாம். பிள்ளைதான் பேச வேண்டும் என்றும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அலறல் கேட்கும் பக்கத்து வீட்டு அத்தை அழைக்கலாம், கூடப் படிக்கும் தோழி அழைக்கலாம். மூன்று விஷயத்தைச் சொன்னால் போதும்: எந்த ஊர், எந்தத் தெரு அல்லது எந்தப் பள்ளி, இப்போது உயிருக்கு ஆபத்து இருக்கிறதா. வீட்டுக்கு வந்து கேட்டால் அடி கூடும் என்று பயப்படும் பிள்ளை, "ஸ்கூலுக்கு வாங்க, வீட்டுக்கு வராதீங்க" என்று சொல்லலாம்.

அதனால் பள்ளிக்கூடம் பெரிய வாசல். பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணை அரசுப் பள்ளி மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 2021இல் தமிழ்நாட்டை உலுக்கிய மாணவியர் மரணங்களுக்குப் பிறகு இந்த எண்ணையும் 1098ஐயும் பாடப் புத்தகங்களில் முத்திரையாகக் குத்தித் தர அரசு முடிவு செய்தது. பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டியும் வைத்தார்கள். பெயர் எழுதாமல்கூட ஒரு சீட்டைப் போடலாம். ஆனால் செய்தி பெற்றோரிடமும் போய்ச் சேர வேண்டும். பெற்றோர் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டத்தால் தடுத்த முதல் நாடு சுவீடன். 1979இல் அந்தச் சட்டம் வந்தபோது பால் அட்டைப்பெட்டிகளில் அச்சிட்டு வீட்டு மேசைவரை கொண்டுபோனார்கள், அப்பாவும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கட்டும் என்று. நம் புத்தக முத்திரை பிள்ளையின் பையோடு நின்றுவிடுகிறது. பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் அந்த எண்களை ஒருமுறை வாய்விட்டு வாசித்தாலே சில கைகள் தயங்கும் என்று நம்புகிறேன்.

பெட்டியும் எண்ணும் இருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் முதலில் சொல்வது ஓர் ஆளிடம்தான். கணக்கு டீச்சரிடம், பி.டி. சாரிடம், டியூஷன் அக்காவிடம். அந்த ஆள் அடுத்த அரை மணி நேரத்தில் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் ஊரில் நல்ல மனசுக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. உடனே பெற்றோரை வரச் சொல்வார்கள். அப்பா வருவார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மரியாதையாக. "என் பிள்ளைய நான் அடிக்காம யார் சார் அடிப்பா? இனிமே கை வைக்க மாட்டேன்" என்பார். அம்மா அழுவார். பிள்ளையிடம், "அப்பாகிட்ட மன்னிப்புக் கேளுப்பா" என்பார்கள். கேட்கும். எல்லோரும் நிம்மதியாக டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை அந்தப் பிள்ளை மட்டும்தான் அறியும். அதற்குப் பிறகு அது யாரிடமும் எதையும் சொல்லாது.

பள்ளியில் மட்டுமல்ல, காவல் நிலையத்திலும் சாதிச் சங்கத்திலும் நடப்பது இதே சமாதானம்தான். குடும்பத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்கிறார்கள். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை: சொன்ன பிள்ளையை அன்றைக்கே அடித்தவர் கையில் ஒப்படைப்பது, அந்த அடியில் பங்கு கொள்வதுதான். பெற்றோரிடம் பேச வேண்டிய நேரம் வரும். பேசுவதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கிறார்கள். பிள்ளை பத்திரமான இடத்துக்குப் போனபின் அவர்கள் பேசட்டும். ஆசிரியர் செய்ய வேண்டியது, பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே தேதி போட்டு எழுதிக்கொண்டு, "நீ சொன்னதை நம்புறேன்ப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லி, அந்தப் பிள்ளையின் முன்னாலேயே 1098ஐ அழைப்பது.

காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிறது. கூட வரும் உறவினர் "மாடிப்படியில விழுந்துட்டான்" என்று சொல்லிக் கொடுத்திருப்பார். டாக்டரிடம் தனியாக ஒரு நிமிடம் கிடைத்தால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்று மருத்துவமனையில் சொல்வார்களே, அதில் "அப்பா அடித்ததாகச் சொல்கிறார்" என்ற ஒரு வரி ஏறிவிட்டால் பின்னால் யாராலும் அதை அழிக்க முடியாது. காயத்தைப் படம் எடுத்து நம்பிக்கையான தோழியின் போனுக்கு அனுப்பி வைப்பதும் நல்லது. தன் போனில் வைத்திருந்தால் வீட்டில் பார்த்துவிடுவார்கள்.

காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தால் இரண்டு ஊரிலும் அனைத்து மகளிர் காவல் நிலையம் உண்டு. எந்தக் காவல் நிலையமானாலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், உதவி சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பதவியில். அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். அவர் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவிடம் கொண்டுபோக வேண்டும். பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது. குழு அன்று கூடவில்லை என்றால் உறுப்பினர் ஒருவர் முன்னால் நிறுத்தினாலும் போதும்.

அந்தக் குழு கோர்ட் மாதிரி இருக்குமோ என்று பிள்ளைகள் நடுங்குகிறார்கள். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும். குறைந்தது ஒரு பெண். மாஜிஸ்ட்ரேட் அமர்வுக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு, ஆனால் கூண்டு கிடையாது. பிள்ளை என்ன விரும்புகிறது என்று கேட்பது அவர்கள் கடமை. ஒருவர் வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் விசாரித்து 15 நாளில் அறிக்கை தர வேண்டும். நான்கு மாதத்துக்குள் முடிவான உத்தரவு வர வேண்டும் என்பது சட்டம்.

"ஹோம்ல போட்டுடுவாங்க" என்பதுதான் பிள்ளைகளை மிரட்டப் பெற்றவர்கள் கையாளும் கடைசி ஆயுதம். சட்டம் சொல்வது வேறு. இல்லத்தில் சேர்ப்பது மற்ற வழிகள் அடைபட்டபின் கடைசியாகச் செய்ய வேண்டியது. அம்மாச்சி வீடு இருக்கிறதா, பெரியம்மா வைத்துக்கொள்வாரா, தாய்மாமன் தயாரா என்று குழு பார்க்கும். தகுதியான நபர் என்று அவரை ஏற்று அவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். உறவில் யாரும் இல்லாதபோது வளர்ப்புப் பராமரிப்பில் வேறொரு குடும்பத்திடம் விடவும் சட்டத்தில் இடம் உண்டு. பெற்றவர்தான் வளர்க்க வேண்டும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று யாரும் வாதாட முடியாது. துளசிச் செடி அடியில் கண்டெடுத்த பெண்ணைப் பெரியாழ்வார் வளர்த்த ஊர் அது.

சோற்றுக் கவலைக்கும் ஒரு வழி இருக்கிறது. மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் தகுதி உள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். "வெச்சுக்க ஆசைதான், வயித்துக்கு என்ன செய்ய?" என்று தயங்கும் அம்மாச்சிக்கு இதைத் தெரியப்படுத்துவது அலகின் வேலை. விசைத்தறிக் கூலியிலும் மில் ஷிப்டிலும் ஓடும் குடும்பங்களில் அந்தப் பணம் சிறியது அல்ல.

பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். செய்தவர் அப்பாவோ மாற்றாந்தந்தையோ மாமாவோ ஆனால் தண்டனை இன்னும் கடுமை. தெரிந்தும் சொல்லாமல் இருந்த பெரியவருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. வாக்குமூலம் வாங்க வரும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது, பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது, பெண்பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காதபடி ஏற்பாடு செய்வது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஊர் பேசுமே என்று பயப்படுவோருக்கு: பிள்ளையின் பெயர், பள்ளி, படம் எதையும் பத்திரிகையோ யூடியூப் சேனலோ வெளியிடுவது குற்றம். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு, வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வக்கீல் வைத்துத் தரும். எண் 15100. அம்மாவும் சேர்ந்து அடி வாங்கும் வீடுகளில், அம்மாவுக்காக மகளிர் உதவி எண் 181ஐ அழைப்பதிலிருந்தும் தொடங்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவர் வாங்கும் பாதுகாப்பு உத்தரவு பிள்ளைகளையும் காக்கும்.

பிள்ளைகள் தாங்களாகக் கண்டுபிடிக்கும் வழிகள் வேறு. பையன்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் ரயில். சாயங்காலம் ஏறினால் விடியும்போது சென்னை. அங்கே காத்திருப்பவர்களில் ரயில்வே பாதுகாப்புப் படையினரும் இருப்பார்கள், வேறு ஆட்களும் இருப்பார்கள். யார் முதலில் பார்ப்பார்கள் என்பது அதிர்ஷ்டம். பிள்ளையின் வாழ்க்கையை அதிர்ஷ்டத்தில் விட முடியாது. கிளம்பித்தான் ஆக வேண்டும் என்ற ராத்திரியில், வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு, காவல் நிலையம், ரயில் நிலையத்தில் சீருடைக்காரர். அங்கிருந்து 1098.

பெண்பிள்ளைகளுக்கு அந்த வழி பெரும்பாலும் காதல். அடி தாங்காமல், "வா, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்ன பையனோடு கிளம்புகிறாள். வேறு சாதிப் பையன் என்று தெரிந்ததால்தான் அடியே தொடங்கியிருக்கும். அவளுக்கு 18 ஆகவில்லை என்றால் பையன் மேல் போக்சோ வழக்கு. அவளை 'மீட்டு' அந்த வீட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். அப்படி மீட்கப்பட்ட பெண் மாஜிஸ்ட்ரேட்டிடமும் குழந்தைகள் நலக் குழுவிடமும், "அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று சொல்லலாம். அவள் உடம்பில் உள்ள பழைய தழும்புகளுக்கும் விசாரணை கேட்கலாம். அதை அவளிடம் யாரும் சொல்வதில்லை. கட்டாயக் கல்யாணம் பேசப்பட்ட பெண்ணும் 1098ஐ அழைக்கலாம். கல்யாணம் முடிந்தே போயிருந்தாலும், 20 வயது முடிவதற்குள் நீதிமன்றத்தில் கேட்டு அதை ரத்து செய்ய 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அனுமதிக்கிறது.

செத்துவிடலாம் என்று தோன்றும் பிள்ளை இதைப் படித்துக்கொண்டிருந்தால்: 14416. டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எதைச் சொல்வது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அழுதுகொண்டே இருந்தாலும் எதிர்முனையில் ஒருவர் இருப்பார். அடிபடுவது உன் தவறு இல்லையப்பா.

கடைசியாக 17 வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். எல்லா வீடும் குழுவின் முன் போக வேண்டிய அளவுக்குப் போவதில்லை. சிலர் ஓர் ஆண்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டுப் படிப்பைச் சொல்லி வெளியேற நினைக்கிறார்கள். அதுவும் வழிதான். ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் மூன்றின் நகலையும் வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தில் வைத்திருங்கள். பேங்க் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் போன் எண்ணோடு இருக்கட்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் நேராக அந்தக் கணக்குக்கே வரும். அரசு மாணவர் விடுதியில் சேர்ந்தால் தங்கவும் சாப்பிடவும் செலவில்லை. விடுதி விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்க முடியாத நிலை என்றால், தலைமை ஆசிரியரிடமோ பாதுகாப்பு அலகிடமோ அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 18 முடிந்த பிறகு குழந்தைகள் நலக் குழு உங்களைப் புதிதாக ஏற்றுக்கொள்ளாது. அதற்கு முன்பே இல்லத்தில் சேர்ந்திருந்தவர்களுக்கு 21 வயது வரை பின்காப்பு உதவி உண்டு. வீட்டிலிருந்தபடியே 18ஐத் தாண்டிய பெண்ணுக்கு 181உம், குடும்ப வன்முறைச் சட்டமும், 15100இல் கிடைக்கும் வக்கீலும் இருக்கின்றன. 18ஐத் தாண்டிய பையனுக்கு அவ்வளவு இல்லை. காவல் நிலையமும் 112உம்தான். அதனால் அவன் 17 வயதில் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.